ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

நான்: பெரியப்பா, ஒரு சந்தேகம். நூலை வாங்கி, அதைத் துணியாகப் பின்னும் நிட்டிங்குக்கு ஓரிடம், சாயத்துக்கு ஓரிடம், துவைத்தால் சுருங்காதபடி துணியை இறுக்கும் காம்பேக்டிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் வேறு வேறு இடம் என்று துணியைத் திருப்பூர் முழுவதும் சுற்ற விடுகிறீர்கள். ஒவ்வொருவரும் தம் லாபத்தைச் சேர்த்துத்தானே கூலி கேட்பார்கள்? எல்லாவற்றையும் நாமே செய்தால் அது நமக்கு மிஞ்சாதா?

பெரியப்பா: மிஞ்சாது கண்ணு. நிட்டிங்கை மட்டும் எடுத்துக்கொள். பக்கத் தையல் இல்லாத பனியனுக்குத் துணி குழாய் வடிவில் வர வேண்டும். மார்பளவு மாறினால் மிஷினின் டயாவும், அதாவது விட்டமும், மாற வேண்டும். ஐந்து அளவு போடுகிறவன் ஐந்து டயாவில் மிஷின் வாங்கினால், அவனுடைய ஆர்டருக்கு ஒவ்வொன்றும் மாதத்தில் சில நாட்கள்தான் ஓடும். வட்டி மட்டும் எல்லா நாளும் ஓடும். கூலிக்கு நிட்டிங் (ஜாப் ஒர்க்) செய்கிறவரோ பல கம்பெனிகளின் நூலை வாங்கி, அதே மிஷினை இரவும் பகலும் ஓட்டுகிறார். ஆகவே லாபம் வைத்து அவர் கேட்கும் கூலி, லாபமே வைக்காமல் நான் செய்தால் ஆகும் செலவைவிடக் குறைவு.

அத்தை: நான் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டிலும் அதே கணக்குதான். ஓவர்லாக் மிஷினில் தோள் சேர்க்கிறவள் நாள் முழுவதும் தோள்தான் சேர்ப்பாள். பிளாட்லாக் மிஷினில் இருப்பவள் கை மடிப்பும் அடி மடிப்பும் மட்டுமே அடிப்பாள். புது மாடல் வந்தால் முதல் நாள் பீஸ் குறைவாகத்தான் வரும். கை பழகிய பிறகு வேகம் கூடிவிடும். ஒருத்தியே முழுப் பனியனையும் தைத்தால் நூல் மாற்றவும் மிஷின் மாறி உட்காரவுமே பாதிப் பொழுது போய்விடும்.

அண்ணன்: ஊருக்குள் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். நாட்டின் நூற்பாலைகளில் பெரும் பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் பருத்தி விளைச்சலில் நம் பங்கு மிகச் சிறியது. பஞ்சு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வருகிறது. நிட்டிங் மிஷின்களில் பல ஜெர்மனியிலும் தைவானிலும் செய்யப்பட்டவை. தைத்து முடித்த பெட்டிகள் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகின்றன. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது என்றால், பஞ்சு விளைவிக்காமல், மிஷின் செய்யாமல், வாங்கி விற்று வாழத் துணிந்ததுதான் காரணம்.

நான்: அப்படியானால் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாரும் நின்றுவிட வேண்டியதுதானே?

அத்தை: நின்றோம். 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் மூடப்பட்டன. தைக்க ஆளும் மிஷினும் ஆர்டரும் இருந்தும், சாயமேறிய துணி வராததால் எங்கள் டேபிள்கள் சும்மா கிடந்தன. துணியை வெளிமாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி வரவழைத்தவர்கள் வண்டி வாடகையிலேயே சோர்ந்து போனார்கள்.

பெரியப்பா: அந்தத் தீர்ப்பை நான் அன்று திட்டினேன், மூடியது நியாயம்தான் என்பதை அப்போதும் மறுத்ததில்லை. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது; அதில் தேங்கியதோ நம் ஊர்ப் பட்டறைகளின் சாயக்கழிவு. நிட்டிங்காரருக்கும் சாயக்காரருக்கும் நான் கூலி கொடுத்தேன், ஆனால் நொய்யலின் கீழ்ப்பகுதி விவசாயி தன் தண்ணீரை இழந்து எனக்குக் கொடுத்ததற்கு எவரும் பில் போடவில்லை. தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை கட்டாயமானதும் சாயக்கூலி ஏறியது. அதற்கு முன்பிருந்த மலிவு விலையில் ஒரு பகுதி எங்கள் திறமையால் வந்ததே அல்ல.

அண்ணன்: 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது கண்ணி மறுமுனையில் இறுகியது. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம்தான். ஆகவே ஆர்டர் தரும் அமெரிக்க பையர்கள் நம்மிடம் தள்ளுபடி கேட்டார்கள் அல்லது ஆர்டரை அங்கே திருப்பப் பார்த்தார்கள். அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கே அடி பலம். ஐரோப்பாவுக்கும் அனுப்பியவர்கள் ஓரளவு சமாளித்தார்கள். பிரிட்டனோடு அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தை அதனால்தான் இங்கே எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள்.

பெரியப்பா: அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றையும் நாமே செய்வது இதற்கு மருந்தாகாது. பெரிய ஏற்றுமதியாளர்கள் சிலர் சாயம் வரை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்டர் அளவுக்கு அது கட்டுபடியாகும். நம்மைப் போன்றவர்கள் இரண்டு சாயப்பட்டறை, மூன்று நாட்டு பையர் என்று பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.

அத்தை: நீங்கள் பிரித்து வைத்துக்கொள்ளலாம் அண்ணா. எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். பையர் பணம் தாமதமானால் நீங்கள் என் பில்லைத் தள்ளி வைக்கிறீர்கள். நான் டெய்லருக்கு உதவும் கைமடிப் பெண்ணுக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தைத் தள்ளி வைக்க முடியுமா? எல்லாரும் ஒருவரையொருவர் சார்ந்திருக்கிறோம் என்பது உண்மை. ஆனால் கடன் எப்போதும் கீழ்நோக்கியே இறங்குகிறது.

அண்ணன்: அத்தை சொல்வது சட்டப்படியும் சரி, அப்பா. உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாமல் போகலாம். 2024 ஏப்ரல் முதல் அப்படித்தான்.

பெரியப்பா: பதிவு எண்ணை அனுப்பு அம்மிணி. நிலுவையில் இருக்கும் பில்களையும் தேதியோடு சேர்த்து அனுப்பு.

அத்தை: பதிவு எண் போன மாதமே இந்தக் குழுவில் போட்டேன் அண்ணா. பில்களைத் தனியாக அனுப்புகிறேன். கணக்கை எல்லாரும் பார்க்க வேண்டாம்.