நம்ம குடும்பம் குழு: பெங்களூரு ஹொரமாவு வீட்டு அஸ்திவாரம்

நான்: மாமா, குழி வெட்டி, பில்லருக்கு அடியில் புட்டிங் (அகலக் கான்கிரீட் அடி) போட்டாயிற்று. பில்லர்களைத் தரைமட்டத்தில் இணைக்கிற கம்பிக் கான்கிரீட் உத்தரம், அதான் பிளிந்த் பீம், வேண்டாம் என்கிறார் மேஸ்திரி. சைஸ் கல் (அளவாக உடைத்த கருங்கல்) கட்டி, மேலே 4 அங்குலம் பெல்ட் (மெல்லிய கான்கிரீட் பட்டை) போட்டால் போதுமாம். கம்பிச் செலவு மிச்சமாம்.

அக்கா: வேண்டாம் தம்பி. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

பெரிய மாமா: பில்லர் வீடுதானே? பின்பக்கம் வெளியிலிருந்து கொட்டிய மண் உண்டா, எத்தனை அடி?

நான்: பில்லர் வீடுதான் மாமா, 30-க்கு 40 அடி சைட். பின்பக்கம் 3 அடிக்கு இடிபாடும் மண்ணும். புட்டிங் 5 அடியில், கெட்டி மண்ணில்.

பெரிய மாமா: அப்படியென்றால் பீம் போட்டே ஆக வேண்டும்பா. பில்லர் கெட்டி மண்ணில் நிற்கும், அசையாது. சைஸ் கல்லோ கொட்டிய மண்மேல் உட்காரும். இரண்டு மழைக்காலம் போனால் மண் இறங்கும், சுவரும் கூடவே இறங்கும். பில்லரும் சுவரும் சேரும் இடம் பிளக்கும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடும். பீம் இருந்தால் சுவரின் பாரம் அதன் வழியாகப் பில்லருக்குப் போய்விடும். பில்லர்களையும் அது ஒன்றோடொன்று கட்டிப் பிடிக்கும். பெல்ட் என்பது பில்லர் இல்லாமல் கல்லிலேயே நிற்கிற வீட்டுக்கு.

அக்கா: (போட்டோ) எங்கள் பின் அறை ஜன்னல். மூன்று முறை பட்டி பார்த்தோம், திரும்பத் திரும்பக் கீறல் விடுகிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அத்தான்: பெங்களூரில் டெல்லி அளவுக்கு நிலநடுக்க பயம் இல்லையே மாமா?

பெரிய மாமா: நிலநடுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை மாப்பிள்ளை. இங்கே பயம் மண் இறங்குவதுதான். அப்புறம் மழை. 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட்டில் தண்ணீர் புகுந்ததே. பீமின் மேல்மட்டம் சாலையைவிட 2 அடியாவது உயரட்டும்.

அம்மா: கம்பி எவ்வளவு கூடும் தம்பி?

பெரிய மாமா: நான் சொல்கிறேன் அக்கா. 200 அடி ஓட்டம், மேலே 2 கீழே 2 என்று 12 மி.மீ. கம்பி வைத்தால் சுமார் 220 கிலோ. கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் தனி. இது தோராயக் கணக்கு. அளவெல்லாம் இன்ஜினியர் வரைபடப்படிதான்.

நான்: வரைபடத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தாளில் பீம் இருக்கிறது மாமா! 9-க்கு 15 அங்குலம்.

பெரிய மாமா: பார்த்தாயா. அதை மேஸ்திரியிடம் காட்டு. பீமுக்கு அடியில் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போடச் சொல். கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை, கவர் பிளாக், வைக்காமல் கம்பியை மண்மேல் கிடத்தினால் துரு ஏறிவிடும். கீழ்க்கம்பியை நடுவில் ஒட்டு வைக்கக் கூடாது.

அக்கா: பாத்ரூம் பைப்புக்கு முதலிலேயே வழி விடச் சொல். எங்கள் வீட்டில் பிறகு பெல்ட்டை உடைத்தார்கள்.

பெரிய மாமா: ரொம்ப முக்கியம். அந்த வழியும் எங்கே என்று இன்ஜினியரைக் கேட்டு விடு. சிமெண்ட் பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட்) என்றால் கான்கிரீட் போட்டபின் 10 நாள் ஈரம் காயக்கூடாது.

நான்: மேஸ்திரியிடம் பேசிவிட்டேன் மாமா, ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கம்பி கட்டுகிறார்கள். நீங்கள் பார்த்த பிறகுதான் கான்கிரீட்.

பெரிய மாமா: சனிக்கிழமை காலை 7 மணிக்கு வருகிறேன். டேப் எடுத்து வை.