புதுப்பிப்பு: கதிர்வீச்சுக்குப் பின் பல் இம்பிளாண்ட்

தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற அப்பாவுக்கு இம்பிளாண்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு) பொருத்தலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. பொருத்தியாயிற்று, எலும்போடு நன்றாகப் பிணைந்திருக்கிறது.

கைகொடுத்தது, 'மொத்தக் கதிர்வீச்சு அளவை விடுங்கள், இம்பிளாண்ட் வரும் இடத்தில் விழுந்த அளவைக் கேளுங்கள்' என்ற யோசனைதான். புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சு வரைபடம் வாங்கினோம். கீழ்த்தாடையின் முன்பகுதி 50 கிரேக்குக் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே; பின்பகுதி 60ஐத் தாண்டியிருந்தது. அதிகக் கதிர்வீச்சு நுண்ணிய இரத்தக் குழாய்களையும் எலும்பை உருவாக்கும் செல்களையும் சிதைத்துவிடும் என்பதால் பின்பகுதியை மருத்துவர் தொடவே இல்லை. முன்பக்கம் பொருத்தி, அவசரப்படாமல் 6 மாதம் கழித்தே பல் மாட்டினார். எலும்பு ஆற உதவும் என்று சிலருக்குத் தரப்படும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையும் தேவைப்படவில்லை.

எதிர்பாராத தொல்லை வாய் வறட்சி. உமிழ்நீர் குறைந்ததால் இம்பிளாண்டைச் சுற்றி ஈறு அடிக்கடி வீங்குகிறது. பல் மருத்துவரிடம் துப்புரவுக்கு ஒழுங்காகப் போய்வருகிறோம்.