நூலக மேசையில் உங்களால் மறக்க முடியாத ஒருவர்: அனுபவங்களைச் சொல்லுங்கள்

மூலைமேசை:
இதை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் கட்டுரைப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வந்தார். சாட்ஜிபிடி கொடுத்தது என்று அவரே சொல்லிவிட்டார், ஒளிவுமறைவு இல்லை. முதல் கட்டுரை எந்தத் தரவுத்தளத்திலும் கிடைக்கவில்லை. ஆனால் இதழ் உண்மையானது, ஆசிரியரும் அந்தத் துறையில் எழுதுபவர்தான். தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். சரி என்று டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணைப் போட்டேன். அவருடைய ஆய்வு பள்ளிக்கல்வி பற்றியது. திறந்ததோ மீன் செவுளில் வாழும் ஒட்டுண்ணி பற்றிய கட்டுரை!

நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் கேட்டார்: "மேடம், நம்ம நூலகம் இந்த இதழுக்குச் சந்தா கட்டலையா?"

அப்படி ஒரு கட்டுரையை யாரும் எழுதவே இல்லை என்றேன். தேடச் சோம்பல்பட்டுப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. "வேற நூலகத்துல கேட்டுப் பார்க்கிறேன்" என்று மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றிதான் உறுத்துகிறது.

பார்கோடு:
எனக்கு நேர்மாறு. வந்தவர் பேராசிரியர், வயதில் மூத்தவர். வீட்டிலிருந்து கூகுளில் தேடி நேராகப் பதிப்பாளர் தளத்துக்குப் போயிருக்கிறார். வளாகத்தின் இணைய முகவரி (ஐபி) இல்லையே, அது பணம் கேட்டிருக்கிறது. நூலகப் பக்கம் வழியாக ப்ராக்ஸியில், அதாவது வளாகத்துக்குள் இருப்பதுபோல் காட்டும் இணைப்பில் நுழைந்திருந்தால் அதே கட்டுரை சும்மா திறந்திருக்கும். மனிதர் சொந்த அட்டையில் கட்டிவிட்டார். புகார் சொல்லக்கூட வரவில்லை. ரசீதை நீட்டி, "துறைக் கணக்குல இதைத் திருப்பி வாங்க வழி இருக்கா தம்பி?" என்றார். அந்த இதழுக்கு வருடா வருடம் சந்தா கட்டுகிறோம் என்று சொன்னதும் ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கோலன்:
பார்கோடு, அவர் மேல் என்ன தப்பு? உங்கள் முகப்புப் பக்கத்தில் ப்ராக்ஸி இணைப்பு எந்த மூலையில் கிடக்கிறது என்று புதிதாக வருபவர் கண்ணால் பாருங்கள். "வெளியிலிருந்து அணுக" என்று போட்டால் எல்லாருக்கும் புரியும். நாம்தான் "தொலைநிலை அங்கீகாரம்" என்று எழுதி வைக்கிறோம்.

மூலைமேசைக்கு ஒன்று. என்னிடமும் இல்லாத புத்தகத்தின் ஐஎஸ்பிஎன்னோடு (புத்தக அடையாள எண்) ஒருவர் வந்தார், அது பெரிய கதை இல்லை. இனி இப்படிச் செய்யுங்கள். ஐஎஸ்பிஎன் 2007 முதல் 13 இலக்கம். இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் எண்ணே தப்பு, மேற்கொண்டு தேட வேண்டாம். வகுபட்டாலும் நம்பிவிடாதீர்கள். வாய்க்கு வந்த எண்ணும் பத்தில் ஒரு தடவை தேறிவிடும். பழைய 10 இலக்க எண்ணுக்குக் கணக்கு வேறு, 11-ஆல் வகுபட வேண்டும், கடைசியில் எக்ஸ் வந்தால் அது 10. டிஓஐ திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, தலைப்பு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பிறகு இதழின் தளத்தில் அதே தொகுதி, அதே பக்கத்துக்குப் போய் அங்கே வேறு யார் கட்டுரை இருக்கிறது என்று மாணவருக்கே காட்டுங்கள். அதற்கு மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டிஓஐ எண்களைப் பதியும் கிராஸ்ரெஃபில் தலைப்பை வைத்துத் தேடுவதும்...

இரவுப்பணி:
கோலன் சார், இங்கே கேட்டது அனுபவம், பாடத்திட்டம் இல்லை 🙂 அந்த மாணவர் நம்பாததற்குக் காரணம் கணக்கு தெரியாதது இல்லை. இயந்திரம் தயங்காமல் சொன்னது, மேடம் "அப்படி ஒன்று இல்லை" என்றார்கள். யார் சொல்வது நம்பத் தோன்றும்?

என்னுடையது சின்னது. ஒரு பெண்ணுக்கு, புத்தகத்தைத் திருப்பவில்லை, அபராதம் ஏறுகிறது என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். புத்தகம் திருப்பும் பெட்டியில் போட்டேன் என்று அவர் சொல்ல, கணினியில் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது என்று கவுன்ட்டரில் இருந்தவர் சொல்ல, வாக்குவாதம். அந்தப் பெண் விறுவிறுவென்று அடுக்குக்குப் போய் அதே புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் தொப்பென்று போட்டார். பெட்டியில் இருந்த ரீடர் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் ஆர்எஃப்ஐடி அடையாளச் சில்லைப் படிக்கவே இல்லை, யாரோ எடுத்து அடுக்கியும் விட்டார்கள். அபராதத்தை நீக்கினோம். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, அன்று அங்கே நின்றிருந்த நான் உட்பட.

பழைய_அட்டை:
கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேமித்து வைக்கும் ஜோடேரோ மென்பொருளுக்கான பயிற்சி வகுப்பு. ஒரு ஆய்வாளரின் மடிக்கணினியை புரொஜெக்டரில் இணைத்திருந்தேன். வெளியான பிறகு நம்பத்தகாதது என்று இதழ் திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் சேமிப்பில் இருந்தால் அந்த மென்பொருள் மேலே சிவப்புப் பட்டை காட்டும், தெரியும்தானே. அப்படிப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவை வைத்துத்தான். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் திரையில் அந்தப் பட்டை. ஆய்வேட்டின் ஓர் இயலே அந்தக் கட்டுரையை நம்பி எழுதியதாம், அதுவும் சமர்ப்பித்தாயிற்றாம். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் வந்து, "சார், இந்தச் சிவப்பை எடுத்துவிட முடியுமா?" என்றார். மேற்பார்வையாளரிடம் பேசச் சொன்னேன். பேசினாரா, தெரியவில்லை.

கோலன்:
பழைய_அட்டை, சமர்ப்பித்த பிறகும் வழி இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு முன்பே மேற்பார்வையாளர் மூலம்...

இரவுப்பணி:
ஆரம்பிச்சிட்டார்.