சேமப் பேணுகைப் பிரிகேட்: ஒரு சொல் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க இராணுவத்தின் ரிசர்வ் சஸ்டெயின்மென்ட் பிரிகேட் (Reserve Sustainment Brigade) ஒன்றைப் பற்றிய கட்டுரைக்குத் "துணைப்படை அணி" என்னும் சொல் இங்கே முன்வைக்கப்பட்டிருந்தது. முன்மொழிந்த ஐயா மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அச்சொல்லை ஏற்க இயலவில்லை. மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று முன்னோர் வகுத்த ஆறினுள் துணைப்படை என்பது நட்பரசன் அனுப்பிய படை. இன்றைக்குத் திருகோணமலையில் அச்சொல் காதில் விழுந்தாலோ, போர்க்காலத்தில் அரச படைகளோடு சேர்ந்தியங்கிய துணை இராணுவக் குழுக்களே எவருக்கும் நினைவுக்கு வரும். "ஆதரவுப் படை" என்பதும் அரசியற் சார்பைக் குறிப்பதாகவே இங்கு வாசிக்கப்படும்.

அந்தப் பிரிகேட் செய்வது என்ன என்பதிலிருந்து சொல் பிறக்க வேண்டும். போரிடும் அணிகளுக்கு எரிபொருள், குடிநீர், உணவு, வெடிபொருள், உதிரிப்பாகம் ஆகியவற்றைக் கொண்டுசேர்ப்பதும், பழுதான வாகனங்களைத் திருத்துவதும், படையினரின் சம்பளம், ஆளணி விவரங்களைக் கவனிப்பதும் அதன் வேலை. எரிபொருள் அணியொன்று வெட்டவெளியைச் சமப்படுத்தி, மடித்துக் கொண்டுவந்த பெரிய துணிப்பைகளை விரித்து, குழாய்களையும் பம்பிகளையும் பொருத்தி நிரப்புகிறது. வழங்குவதற்கு முன் மாதிரி எடுத்து, நீரோ தூசோ கலந்திருக்கிறதா என்று பார்க்கிறது. இந்த வேலையின் பெறுமதியை நம் ஊருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்கு இத்துறைமுகம் தளமாகப் பயன்பட்டதில் இங்குள்ள சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களுக்குப் (சேமிப்புத் தாங்கிகளுக்கு) பெரும் பங்குண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசியபோது குதமொன்றும் எரிந்தது.

ஆகவே சஸ்டெயின்மென்டுக்கு "வழங்கல்" என்று வைக்கலாமா? நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையால் அச்சொல் எல்லோர் நாவிலும் பழகிவிட்டது. ஆனால் திருத்தலும் ஆளணி நிர்வாகமும் அதற்குள் அடங்கா. ஒரு படையை நெடுநாள் தளராமல் வைத்திருப்பது என்ற முழுப்பொருளைப் "பேணுகை" தாங்கும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

ரிசர்வுக்கு நான் வைக்கும் "சேம" என்பதைப் பொறுத்தவரை, சேமக்காலை (இடுகாடு) நினைவுக்கு வருகிறது என்ற தடை எழக்கூடும். ஊழியர் சேமலாப நிதி என்று நாள்தோறும் எழுதுகிற நமக்கு அது பெரிய தடையன்று. ரிசர்வைத் "தொண்டர் படை" என்று எழுதுவதுதான் உண்மையான தவறு. நம் நாட்டில் 1881இல் தொடங்கிய இலங்கை இலகு காலாட் தொண்டர் படையின் வழிவந்த தொண்டர் படை வேறு, சேமப்படை வேறு. 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமே இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. அமெரிக்காவிலும் இப்படியொரு பிரிவு உண்டு: சமாதான காலத்தில் மாநில ஆளுநரின் கீழ் இயங்கும் தேசியக் காவற்படை வேறு, முழுக்க மத்திய அரசின் கீழுள்ள இராணுவச் சேமப்படை வேறு.

"பிரிகேட்" என்பதை அப்படியே விடுவோம். "படையணி" என்று இங்கே றெஜிமென்டைச் சொல்கிறார்கள். கஜபா படையணி என்று எழுதிய கையால் பிரிகேட்டையும் படையணி என்றால் வாசகர் குழம்புவார். பிரிகேடியரைத் தமிழாக்காமல் எழுதிவரும் நாம் பிரிகேட்டுக்கு மட்டும் தயங்க வேண்டியதில்லை.

அமெரிக்கச் சேமப்படையினரின் ஆண்டுச் செயற்பாடுகளுக்கும் சொற்கள் வேண்டும். ஆசிரியராகவும் தாதியாகவும் லொறிச் சாரதியாகவும் வேலை பார்ப்பவர்கள் மாதத்தில் ஒரு வார இறுதியைப் படைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு வார இறுதி நான்கு பயிற்சி வேளைகளாகக் கணக்கிடப்படுவதால் ஆண்டுக்கு 48 வேளைகள் வரும். இதற்குப் "பயிற்சி ஒன்றுகூடல்" பொருந்தும். அதற்கு மேலதிகமாக ஏறத்தாழ இரண்டு வாரம் நடப்பது "ஆண்டுப் பயிற்சி". விஸ்கொன்சினின் மெக்கோய் முகாம், கலிபோர்னியாவின் ஹன்டர் லிகெட் முகாம் போன்ற இடங்களில் பல பிரிவுகள் கூடி நடத்துவதைக் "கூட்டுக் களப்பயிற்சி" எனலாம். சுடுதகுதிச் சோதனை, உடற்றகுதிச் சோதனை, மருத்துவ, பற் பரிசோதனைகள் ஆகியவற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை. முழுநேரச் சேவைக்கு ஆணையிட்டு அழைப்பதற்குப் "பணிக்கழைப்பு" என்பதை முன்வைக்கிறேன். "அணிதிரட்டல்" கட்சிக் கூட்டத்துக்குப் போய்விட்டது.

எரிபொருட் பை, இணைப்புக் குழாய், வடிகட்டி, வால்வு ஆகியவற்றுக்கு நான் சொல் உருவாக்கவில்லை. சீனன்குடாக் குதங்களில் வேலை செய்தவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ இக்குழுமத்தில் இருந்தால், அங்கே வழங்கிய பெயர்களை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவை கிடைத்த பின்னர் பட்டியலை முடிப்போம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து