வெள்ளெழுத்துக் கண்ணுக்குக் கணினித் திரையைப் பெரிதாக்க வழி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் எனக்கு 61 வயது. இரண்டு மாதமாக, கண்ணாடி போட்டும் கணக்கு மென்பொருளில் 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாமல், சென்ற வாரம் 38 கூடையை 88 என்று பதிந்துவிட்டேன். (கண்ணாடியைப் போன மாதம்தான் மாற்றினேன், குறை அதில் இல்லை.)

மடிக்கணினி 15.6 அங்குலம், ரெசல்யூஷன் (திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை) 1366×768, விண்டோஸ் 10. திரை அளவீட்டை 150 விழுக்காடாக்கினால் எழுத்து பெரிதாகிறது, ஆனால் ‘சேமி’ பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிடுகிறது. எழுத்தளவை மட்டும் கூட்டினால் அந்தப் பழைய மென்பொருள் அசைவதே இல்லை. ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து கலங்குகிறது. விண்டோஸின் மேக்னிஃபையரில் (திரையின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி) திரை நகர்ந்துகொண்டே இருப்பதால் தலை சுற்றுகிறது.

27 அங்குல ஃபுல் எச்டி (1920×1080) மானிட்டரை இணைத்து 125 விழுக்காட்டில் வைத்தால், பொத்தான் மறையாமல் எழுத்து தெளிவாகப் பெரிதாகுமா?