எக்ஸ் அச்சில் பிரதிபலித்தால் ஒய் ஏன் மாறுகிறது?

பாலக்கோடு அம்மா:
வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. (3, 2) என்ற புள்ளியை எக்ஸ் அச்சில் பிரதிபலிக்கச் சொன்னால் (−3, 2) என்று எழுதுகிறாள். "எக்ஸ் அச்சுன்னா எக்ஸ்தானேம்மா மாறணும்?" என்று கேட்கிறாள். விடை (3, −2) என்று எனக்குத் தெரியும், காரணம் சொல்லத்தான் வரவில்லை. விதியை மனப்பாடம் பண்ண வைக்க மனசில்லை. எப்படிப் புரியவைப்பது?

காவேரிப்பட்டணம் டியூஷன் மாஸ்டர்:
பாப்பா கேட்பது நியாயமான கேள்விங்க. வருஷா வருஷம் என்னிடம் வரும் பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள்.

இங்கே அச்சுதான் கண்ணாடி. புள்ளி அதற்கு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, பிம்பம் அதே அளவு மறுபக்கம் தள்ளி இருக்கும். (3, 2) எக்ஸ் அச்சுக்கு 2 கட்டம் மேலே, பிம்பம் 2 கட்டம் கீழே. இடமோ வலமோ நகரவே இல்லை, அதனால் 3 அப்படியே நிற்கிறது.

வாயால் சொல்வதைவிடச் செய்ய வையுங்கள். கிராஃப் தாளில் புள்ளியை வைத்து, எக்ஸ் அச்சுக் கோடு பிசகாமல் மடிக்கச் சொல்லுங்கள். காம்பஸ் முனையால் புள்ளியில் குத்தி விரித்தால் நான்காம் கால்பகுதியில் ஒரு ஓட்டை தெரியும். கட்டங்களை அவளே எண்ணட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் வேறொரு தாளை ஒய் அச்சில் மடித்தால் (−3, 2) கிடைக்கும்.

இரண்டு அச்சும் வெட்டும் ஆதிப்புள்ளி வழியாகப் பிரதிபலிக்கச் சொன்னால் மடிக்க வேண்டாம். காம்பஸ் முனையை ஆதிப்புள்ளியில் ஊன்றி, தாளை அரைச்சுற்று சுற்றுங்கள். முன்பு (−3, −2) இருந்த இடத்தில் நம் புள்ளி வந்து நிற்கும்.

கடைசியாக (5, 0)-வை எக்ஸ் அச்சில் பிரதிபலிக்கச் சொல்லுங்கள். அது ஏன் நகரவில்லை என்று அவளே சொல்லிவிட்டால் போதும், பாடம் பிடிபட்டுவிட்டது.

ஊத்தங்கரை மாணவன்:
உலக வரைபடத்திலும் பார்க்கலாம் அக்கா. தீர்க்கரேகையை எக்ஸ், அட்சரேகையை ஒய் என்று வைத்தால் தருமபுரி ஏறத்தாழ (78, 12). நிலநடுக்கோடு எக்ஸ் அச்சு, கிரீன்விச் கோடு ஒய் அச்சு. எக்ஸ் அச்சில் பிரதிபலித்தால் (78, −12), இந்தியப் பெருங்கடல். ஒய் அச்சில் (−78, 12), கரீபியன் கடல். ஆதிப்புள்ளி வழியாகப் போனால் (−78, −12), பெரு நாட்டின் லிமா நகருக்குச் சற்று மேற்கே பசிபிக் கடல்!

காவேரிப்பட்டணம் டியூஷன் மாஸ்டர்:
அருமை தம்பி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: இது தட்டையான வரைபடக் கணக்கு. பூமி உருண்டையில் தருமபுரிக்கு நேர் எதிர்ப்பக்கம் 12 பாகை தெற்கு, 102 பாகை மேற்கு. 180-லிருந்து 78-ஐக் கழிக்க வேண்டும்.

பாலக்கோடு அம்மா:
மடித்துப் பார்த்தாள் சார். (5, 0) மடிப்பின் மேலேயே இருப்பதால் நகராது என்று தானாகவே சொன்னாள். இப்போது அச்சில் மடிக்காமல் குறுக்காகச் சாய்த்து மடித்தால் என்ன ஆகும் என்று கேட்கிறாள்.

காவேரிப்பட்டணம் டியூஷன் மாஸ்டர்:
ஆதிப்புள்ளியிலிருந்து (1, 1), (2, 2) வழியாகப் போகும் கோட்டில் மடிக்கச் சொல்லுங்கள். (3, 2) போய் (2, 3)-இல் விழும்.