கண் பிரஷரும் புரையும்: உங்கள் வீட்டில் எப்படித் தெரிய வந்தது?

மஞ்சக்குப்பம் வாசி:
அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் என்றுதான் கிளம்பினோம், வேறு எதுவும் மனதில் இல்லை. தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் கடலூர் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. நீல விளக்கைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பிரஷர் பார்ப்பார்களே, அதில் வலது 34, இடது 28 என்று சீட்டில் எழுதினார்கள். 21க்குள் இருப்பதுதான் சாதாரணமாம். புரை கிடக்கட்டும், முதலில் ஃபீல்டு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க என்று அனுப்பினார்கள்.

போனவர்களுக்குத் தெரியும். இருட்டு அறை, ஒரு கண்ணை மூடிவிட்டு, குழிந்த வெள்ளை மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மினுங்கினால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா அமுக்கவே இல்லை. மெஷின் பார்க்கிற பெண் குனிந்து, "அம்மா, தூங்கிட்டீங்களா?" என்றாள். "தூங்கலம்மா. நீ இன்னும் மெஷினே போடலையே, போட்டாத்தானே அமுக்குவேன்" என்றார் அம்மா. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த எனக்கு ஓரத்தில் புள்ளி வந்து வந்து போவது தெரிந்தது.

அதுதான் இன்னும் என்னை விடவில்லை. நிலைப்படியில் இடித்துக்கொண்டது, இலைக்கு வெளியே ரசம் ஊற்றியது, எல்லாவற்றையும் "புரை முத்திப்போச்சு" என்றே வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். புரை மட்டும் இல்லை, கண் பிரஷர் நரம்பைக் கெடுக்கிற க்ளாகோமாவாம், ஓரப் பார்வைதான் முதலில் போகுமாம். பிறகு புரையும் எடுத்து லென்ஸும் வைத்தாயிற்று. டி.வி.யில் கீழே ஓடும் எழுத்தை இப்போது படிக்கிறார். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார். புரை போனால் பார்வை திரும்பும், நரம்பில் போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள், சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தானாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஓ.டி. தம்பி:
எங்கள் அண்ணனுக்கு 40 வயதுகூட ஆகவில்லை. போட்டில் போகிறவர். உப்புத் தண்ணீர், வெயில், டீசல் புகை என்று கண் எப்போதும் சிவந்து அரித்துக்கொண்டே இருக்கும். எப்போதோ ஒரு டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த சொட்டு, விட்டால் மறுநாளே சிவப்பு போய்விடும், அதனால் சீட்டே இல்லாமல் வருஷக்கணக்கில் வாங்கி விட்டுக்கொண்டிருந்தார். மருந்தின் பேர்கூடத் தெரியாது. காலி பாட்டிலைக் காட்டுவார், கடையில் அதே மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள்.

கண்ணாடி போடலாம் என்று போன இடத்தில் பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது. டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "என்ன சொட்டு போடுறீங்க?" அண்ணன் லுங்கி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் பேரைப் படித்தார், டிராயரைத் திறந்து உள்ளே போட்டு மூடிவிட்டார். "சார், அதுல பாதி இருக்கு" என்றார் அண்ணன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டாம் அது, நாள்பட விட்டால் கண் பிரஷரை ஏற்றிவிடுமாம். அரிப்பு போய்விட்டது, வலி கிடையாது, கண்ணும் பளிச்சென்று இருந்தது, உள்ளே நரம்பு போய்க்கொண்டிருந்தது.

பாகூர் கம்பவுண்டர்:
ஓ.டி. தம்பி, நீங்கள் எழுதியது சரி, ஆனால் படிக்கிறவர்கள் ஸ்டீராய்டு சொட்டு என்றாலே விஷம் என்று நினைத்துவிடுவார்கள். புரை ஆபரேஷன் முடிந்தால் அந்த வகைச் சொட்டுதான் கொடுப்பார்கள், சில வாரம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கண் சிவந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் பார்வையில் போடுவது வேறு, கடையில் காலி பாட்டிலைக் காட்டி வாங்குவது வேறு.

என் அனுபவம் சின்னது. அப்பாவுக்குக் கண் பிரஷருக்கு டிமோலால் எழுதினார்கள், அன்று ராத்திரியே இழுப்பு வந்து உட்கார்ந்த வாக்கில் விடிந்தது. அவருக்கு ஆஸ்துமா உண்டு, அதை யாரும் கேட்கவில்லை, அவரும் "கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்" என்று சொல்லவில்லை. சம்பந்தம் உண்டு. கண்ணில் விட்ட சொட்டு மூக்குப் பக்கமாக இறங்கி ரத்தத்தில் கலக்கும், டிமோலால் மூச்சுக்குழலைச் சுருக்கும், நாடித்துடிப்பையும் குறைக்கும். மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அதனால் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் கேட்காவிட்டாலும் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் உள்ள மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிஷமாவது விடுங்கள், உடனே விட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிவிடும். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. பிரஷருக்கான லாட்டனோப்ராஸ்ட் சொட்டு என்றால் ராத்திரி ஒரு வேளை, பிரிக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள் (ஃப்ரீசரில் இல்லை), பிரித்தால் கிட்டத்தட்ட ஒரு மாதம்தான் கணக்கு, தேதியை அட்டைப் பெட்டியில் எழுதிவிடுங்கள். அதில் கண் கொஞ்சம் சிவக்கும், இமைமுடி நீளும், பயந்து நிறுத்தாதீர்கள். பிரஷருக்கான இன்னொரு சொட்டு டார்சோலமைடு, அதை விட்டால் வாய் கசக்கும், சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். இன்னொன்று, புரை முத்தட்டும் என்று காத்திருக்கிற வழக்கமெல்லாம் பழைய காலத்தோடு போயிற்று. ரொம்ப முத்தின புரை கசிந்து அதுவே பிரஷரை ஏற்றிவிடும், அப்போது வலியோடு ஓட வேண்டியிருக்கும்.

ஓ.டி. தம்பி:
ஐயா, டாக்டர் கொடுத்ததை நான் எங்கே குறை சொன்னேன்? கடையில் வாங்கியதைத்தான் எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் படியுங்கள்.

நெல்லிக்குப்பம் மருமகள்:
வலி கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மாமியாருக்கு வந்த வலியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராத்திரி ஒரு பக்கத் தலைவலி, ஓயாத வாந்தி. பக்கத்தில் இருந்த க்ளினிக்கில் பித்தம், கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். கண்ணைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. விடியற்காலையில் முனகிக்கொண்டே, "ஏம்மா, ட்யூப்லைட்டைச் சுத்தி கலர் கலரா வளையம் கட்டியிருக்கே, யாரு கட்டுனது?" என்று கேட்டார். புத்தி தடுமாறுகிறதோ என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தக் கண் மட்டும் ரத்தச் சிவப்பு, கண்மணி பெரிதாக விரிந்து டார்ச் அடித்தும் சுருங்கவில்லை, இமை மேல் தொட்டால் கோலிக்குண்டு.

அதற்கப்புறம் கார் பிடித்துப் புதுச்சேரிக்கு ஓடினோம். கோண அடைப்பு வகை க்ளாகோமாவாம், கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேறும் வழி ஒரேயடியாக அடைத்துக்கொள்வது. மாத்திரை, சொட்டு எல்லாம் கொடுத்து பிரஷரை இறக்கிவிட்டு, கருவிழிக்குப் பின்னால் இருக்கிற திரையில் (ஐரிஸ்) லேசரால் சின்ன ஓட்டை போட்டார்கள், வராத கண்ணுக்கும் சேர்த்து. கை விரலெல்லாம் மரத்துப்போகிறது என்று மாத்திரையைத் திட்டினார், அது வழக்கம்தானாம். பார்வை பாதி தப்பியது. அதனால் சொல்கிறேன், 50 தாண்டிய பெண்கள் எல்லாரும் போய் அந்த லேசரைப் போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

லாஸ்பேட்டை பெரியப்பா மகன்:
புரைக்கு ஆபரேஷனே வேண்டாம், சொட்டிலேயே கரையும் என்று எங்கள் பெரியப்பாவுக்கு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி ஏதோ ஒரு பாட்டிலை வரவழைத்து விட்டுக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டில் நாய்க்குக் கரைந்துவிட்டதாம். போன வாரம் சில்லறை என்று நினைத்து பால்காரரிடம் 500 ரூபாய்த் தாளை நீட்டினார், பால்காரர் நல்ல மனுஷன், திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்பதில்லை.

கண் பரிசோதகர், புதுச்சேரி:
இந்த வேலையில்தான் இருக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நெல்லிக்குப்பம் அக்கா, உங்கள் மாமியாருக்கு ஒரு கண்ணில் தாக்குதல் வந்துவிட்டது, அதனால் மற்ற கண்ணுக்கும் லேசர் போட்டது நியாயம். அதற்காக எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சரியில்லை. கோணம் (கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் இடம்) குறுகலாக இருந்து வேறு எந்தப் பாதிப்பும் இல்லாதவர்களை வைத்து சீனாவில் குவாங்சோவில் ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 889 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் லேசர், மற்ற கண்ணைச் சும்மா விட்டு 6 வருஷம் பார்த்தார்கள். லேசர் போட்ட கண்களில் 19, போடாதவற்றில் 36, அவ்வளவுதான் பிரஷர் ஏறுவது, கோணம் ஒட்டிக்கொள்வது, திடீர் தாக்குதல் என்று அடுத்த கட்டத்துக்குப் போனது. லேசர் பாதியாகக் குறைக்கிறது, உண்மை. ஆனால் போடாமல் விட்டதிலும் 800க்கு மேல் சும்மாதான் இருந்தன. யாருக்குத் தேவை என்பதை அந்தக் கோணத்தைப் பார்க்கும் கோணியோஸ்கோப்பி பரிசோதனை செய்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

லாஸ்பேட்டை நண்பரே, நாய் கதை முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. 2015இல் நேச்சர் அறிவியல் இதழில் லானோஸ்டெரால் என்ற பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, நாய்களின் லென்ஸ் ஓரளவு தெளிந்ததாக. உடனே நம் நாட்டு டாக்டர்கள் ஆபரேஷனில் எடுத்த மனிதப் புரையை அந்தக் கரைசலில் நாள்கணக்கில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள், தெளியவில்லை. இன்றுவரை மனிதக் கண்ணில் புரையைக் கரைக்கும் சொட்டு என்று எதுவும் நிரூபணமாகவில்லை. பெரியப்பாவிடம் அந்த பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், அவரால் படிக்க முடிகிறதா பார்ப்போம்.

மஞ்சக்குப்பம் அக்காவுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை இது. அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் நம் தென் மாவட்டங்களில் 40 வயது தாண்டிய 5,000 பேருக்கு மேல் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட கணக்கில், 100க்கு 2.6 பேருக்கு க்ளாகோமா இருந்தது, அதில் 10க்கு 9 பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு இருப்பதே தெரியாது. அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் வாய்ப்பு கூடுதல். பிரஷர் மட்டும் பார்த்தால் போதாது, 21க்குள் இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பண்ருட்டி முந்திரி:
பிரஷர் கதை இல்லை, ஆனால் ஸ்டீராய்டு சொட்டு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாமாவுக்கு முந்திரித் தோப்பில் கிளை அடித்துக் கருவிழியில் புண். கடையில் வாங்கி விட்ட சொட்டு அதேதான், ஸ்டீராய்டு. பூஞ்சைப் புண்ணில் அதை விட்டால் சுரீரென்று பரவும் என்று பிறகுதான் தெரிந்தது, கருவிழியில் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில், ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு மருந்தில் ஏதோ ஒன்று, எது என்று அவருக்கும் தெரியாது, பரிசோதிக்கிற டாக்டருக்கும் தெரியாது. மாமா என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், "என்னடா, எலிக்குப் போட்டுப் பார்க்கிறதை எனக்குப் போடுறாங்களா?" என்றார். திரும்பிப் போய் டாக்டரிடமே கேட்டுவிட்டார், எதுவுமே போடாமல் விடுவீங்களா என்று. இரண்டுமே பூஞ்சைக்கான மருந்துதான், பிடிக்கவில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வைத்தியம் நிற்காது என்று பொறுமையாகச் சொன்னார்கள். படிவத்தை என்னை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மதுரை, கோவை, புதுச்சேரி மூன்று ஊரிலும் நடந்தது அது, 323 பேர், 2013இல் முடிவு வந்தது. புதிதாக வந்த விலை கூடின வோரிகோனசோலைவிட நம் பழைய நாட்டமைசின்தான் மேல் என்று ஆயிற்று. மாமாவுக்குத் தழும்பு இருக்கிறது, கண் இருக்கிறது. டீக்கடையில் இன்றைக்கும் "நான் சொல்லித்தான் டாக்டருங்களுக்கே எந்த மருந்துன்னு தெரிஞ்சுது" என்பார்.

பாகூர் கம்பவுண்டர்:
முந்திரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செடி கொடி கண்ணில் அடித்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். கண்ணைக் கசக்காதீர்கள். கட்டுப் போட்டு இறுக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே காட்டுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி:
பரிசோதகர் தம்பி சொன்னபடி நான் போய்ப் பார்த்துவிட்டேன், எனக்கு நரம்பு சரியாக இருக்கிறது, வருஷம் ஒரு தடவை வரச் சொன்னார்கள். என் தம்பிதான் அசைவதாக இல்லை. "எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, அம்மா மாதிரி வயசாயிடுச்சா" என்கிறான். அம்மாவுக்கும் நல்லாத்தானே தெரிந்தது என்றால் போனை வைத்துவிடுகிறான். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்று அவனே முனகிக்கொண்டிருக்கிறான், அதைச் சாக்காக வைத்துத் தவளக்குப்பத்தில் இறக்கிவிடலாம் என்று இருக்கிறேன். போகும்போது வண்டியை மட்டும் நான்தான் ஓட்டுவேன். போன மாதம் முள்ளோடை தாண்டி வலது பக்கம் ஒட்டிக்கொண்டு வந்த பஸ்ஸை, பஸ்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் தம்பி பார்த்தான்.